பிரேக் போடாதவர்

வலது காலில் அவர் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. இடது காலில் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்று கிடக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தொழிற்சாலையில் நான் சேர்ந்த அன்று, யாரோ கால் அடிபட்டவர் டிரைவர் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் வண்டியில் ஏறி அந்த வெறுங்காலை ஆக்சிலரேட்டர் மேல் வைத்ததைப் பார்த்தேன். தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி வைத்தார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்திருந்தேன். அப்பாவுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. எங்கள் கம்பெனி சின்ன லாரி செய்தது. பிக்கப் வண்டி என்று சொல்ல ஆரம்பித்திருந்த காலம். சோதனைப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். என் வேலை, அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பது. டீசல் அந்தக் குழாய் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை கோடு இறங்கியது என்று தாளில் எழுத வேண்டும். பிரேக் மிதிக்கு அடியில் ஒரு கவுண்ட்டரும் வைத்திருந்தோம். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு எண் நகரும்.

மற்ற டிரைவர்கள் ஓட்டினால், எஸ்டேட்டிலிருந்து மதுரவாயல், பூந்தமல்லி, திருமழிசை தாண்டிப் போய், ஆவடி வழியாகத் திரும்பி வருவதற்குள் கவுண்ட்டர் நாற்பது, ஐம்பது என்று காட்டும். அவர் ஓட்டினால் பூஜ்யம். ஆவடி ரயில்வே கேட், பூந்தமல்லிச் சந்தை, மாடு, சைக்கிள், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் தாண்டி வந்து தொழிற்சாலை வாசலில் வண்டி தானாக உருண்டு ஓயும்போதும் பூஜ்யம்.

"கவுண்ட்டர் ரிப்பேரா இருக்கும்" என்று முதல் வாரம் நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பிரேக்குன்னா இன்னாமா? நா முன்னாடியே பாக்கலன்னு ஒத்துக்கிறது. அவ்ளோதான்."

பார்ப்பது என்று அவர் சொன்னதை நான் வெகு நாள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சைக்கிள்காரன் திரும்புவதற்கு முன்னால் அவன் தோள் திரும்பும், பஸ் கிளம்புவதற்கு முன்னால் கண்டக்டர் கை உள்ளே போகும் என்று அவரே காட்டிக்கொடுத்திருக்கிறார். கேட்டுக்கொண்டால் புரிகிற விஷயம்தான். ஆனால் ஒரு நாள் திருமழிசைக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லாத சாலையில் அவர் காலைத் தூக்கிவிட்டார். வண்டி வேகம் குறைந்து, காற்றுச் சத்தம் மட்டும் கேட்க உருண்டது. நான் குழாயைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அரைக் கிலோமீட்டர் போயிருப்போம். வலப்பக்கம் சவுக்குத் தோப்பிலிருந்து வைக்கோல் வண்டி ஒன்று மாடு மிரண்டு தறிகெட்டு ஓடிவந்து சாலையைக் குறுக்காகக் கடந்து அந்தப் பக்கம் பள்ளத்தில் இறங்கி நின்றது. அதன் பின்புறத்தை ஒட்டி நாங்கள் உருண்டு போனோம். ஒரு நொடி முன்னால் போயிருந்தால் வைக்கோலுக்கு அடியில் இருந்திருப்போம்.

"எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"காக்கா எந்திரிச்சுது பாரு."

காக்கா ஒன்றும் எழவில்லை. அந்தத் தோப்பில் அன்று காக்காயே இல்லை.

பேச்சிலும் அப்படித்தான். நான் கேட்க வாயெடுப்பதற்குள் பதில் வந்துவிடும். "உங்கப்பாருக்கு மாத்தல் வராதும்மா, சும்மா பயந்துகினு இருக்காத" என்பார். அப்பாவுக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வரப்போகிறது என்று வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்த வாரம் அது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டீக்கடைக்கு அவர் போய் நிற்கிற நேரத்தில்தான் புது டிகாக்ஷன் இறங்கும். மழைக்கு ஒதுங்கி நான் பார்த்ததில்லை, நனைந்தும் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது முதலில் வேடிக்கையாக இருந்தது. போகப் போக, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் என்னைப் பற்றி நாளை எனக்குத் தெரியவரப் போவது எதையோ அவர் இன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறார் என்று தோன்றும்.

கம்பெனிக்கு அவர் ஏன் வேண்டியிருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதைக் குறைவாகக் குடிக்கிற வண்டிக்கு வரியில் சலுகை என்று அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. முழுச் சுமை ஏற்றிச் சாதாரணச் சாலையில் ஓட்ட வேண்டும், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வர வேண்டும். அந்த எண்ணை எங்கள் பிரிவில் 'டில்லி நம்பர்' என்போம். விதியில் தப்பொன்றும் இல்லை. நல்ல விதிதான். ஆனால் அது கேட்டது கிலோமீட்டரை மட்டும். வண்டியின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று அது கேட்கவில்லை.

டில்லி நம்பருக்காக எங்கள் வண்டி இளைக்க ஆரம்பித்தது. முதலில் சுமைத் தொட்டியின் மரப்பலகை போய்த் தகரம் வந்தது. பிறகு பக்கத் தடுப்புகள் நான்கு விரல் குட்டையாயின. தகரத்தின் கனம் குறைந்தது. ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, அவர் கால் இன்னும் கொஞ்சம் லேசாகும். குழாயில் கோடு இன்னும் கொஞ்சம் மெதுவாக இறங்கும். அப்படியும் நம்பருக்கு ஒரு முடி அகலம் குறைவாகவே நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. எங்கள் மேலாளர் என்னைக் கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்கு அனுப்பினார். ஓடு போட்ட சின்ன வீடு. சுவரில் மாதா படம், கீழே எரியாத சிவப்புப் பல்பு. அவர் காய்ச்சலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி என்னை வாசலில் மணைபோட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. டம்ளரை வைக்கிற சத்தம்கூட இல்லை.

"நீதான் பக்கத்துல குந்திகினு போற பொண்ணா?" என்றாள். "உனுக்குப் பயமா இல்ல?"

"அவரு நல்லா ஓட்டுவாருங்க."

"வண்டியச் சொல்லல பாப்பா." குரலை இறக்கினாள். "இருவத்து மூணு வருசம் ஆச்சு எங்களுக்குக் கண்ணாலம் ஆயி. ஒரு நாளு என்னத் திட்டுனதில்ல. கை ஓங்குனதில்ல. அக்கம்பக்கத்துல எல்லாரும் நா குடுத்து வெச்சவன்னுதான் சொல்லுவாங்க. எனுக்குக் கோவம் வரப்போவுதுன்னு எனுக்கே தெரியறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிடும். எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. அழுவலாம்னு நெனப்பேன், ஆளு இருக்க மாட்டாரு. நா யாருகிட்ட சண்ட போடறது, சொல்லு?"

நான் காப்பியைக் குடித்தேன்.

"எம் பொண்ணு ஒரு ரயில்வே ஆபீஸ் பையனோட போயிட்டா. வேற மதம். அது போன வருசம், ஞாயித்துக்கிழம. அன்னிக்கு இவரு பூசைக்குக்கூட வரல. லீவு நாளுல டிபன் பாக்ஸ எடுத்துகினு காலைலயே கெளம்பிட்டாரு. எங்க போறன்னு கேட்டேன், பேசல. சாயங்காலம் நா தரையில உயுந்து அழுதுகினு கெடக்கறேன். வந்தாரு. ஒத்தச் செருப்பக் கயட்டி மூலையில வெச்சாரு. 'போயிடுச்சா?'ன்னாரு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

தெரிந்தே நகர்ந்து நின்றிருக்கிறார். வழியில் வரப்போகிற வண்டிக்குக் காலைத் தூக்கிவிட்டு ஒதுங்குகிற மாதிரி, தன் பெண்ணுக்கும். ஆவடிக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு அந்த 'போயிடுச்சா?' மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் வேலைக்குத் திரும்பியபோது வண்டியில் இன்னொன்றை எடுத்திருந்தார்கள். சுமைத் தொட்டிக்கு அடியில், இரண்டு நீண்ட உத்திரங்களை இணைத்து ஆறு குறுக்குச் சட்டங்கள் இருக்கும். பின்பக்கத்திலிருந்து இரண்டாவதை நீக்கி ஐந்தாக்கியிருந்தார்கள். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அந்தக் காலி இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே சார்" என்றார் வெளியே வந்து.

"கணக்குப் போட்டுப் பார்த்தாச்சுப்பா. அஞ்சு போதும்" என்றார் மேலாளர்.

"கணக்குல, மேல ஏறிகினு போறவங்க எத்தினி பேரு சார்?"

"இது சரக்கு வண்டி. ஆள் ஏறக் கூடாது. சட்டம் அப்படித்தான்."

அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். டில்லியிலிருந்து அதிகாரி அடுத்த திங்கள்கிழமை வருவதாக இருந்தது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடிக் குழாயைத் தானே கழுவி, தானே பொருத்தினார். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக எடை போட்டு ஏற்றச் சொன்னார். அவர் ஜன்னலோரம், நான் நடுவில், டிரைவர் ஸ்டியரிங்கில். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் பூஜ்யம். திருமழிசை தாண்டித் திரும்பும் இடத்தில் நான் குழாயைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐந்து சட்டத்தோடு டில்லி நம்பர் கைக்கு எட்டிவிட்டது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

திரும்பி ஒரு கிலோமீட்டர் வந்திருப்போம். அவர் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்து பிரேக்குக்குப் போனது. மணல் மூட்டைகள் முன்னால் சரிந்து இடித்தன. வண்டி நின்றது. கவுண்ட்டரில் ஒன்று.

சாலை காலியாக இருந்தது. வெயில் தார் மேல் அலையடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். அவர் தலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திரும்பியது. யாரோ சாலையைக் கடக்கிறார்கள், அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருக்கிறார் என்பது போல. பிறகு கியரைப் போட்டார்.

சற்றுத் தூரத்தில் மறுபடியும். இந்தத் தடவை தலை திரும்பி முடிய அதிக நேரமானது. நிறையப் பேர் போலிருக்கிறது. அடுத்த இடத்தில் ஸ்டியரிங் மேல் குனிந்து பம்பருக்கு அருகே தாழ்வாக எதையோ பார்த்தார். குட்டையாக யாரோ நடந்து போவது போல அவர் பார்வை தாழ்வாகவே நகர்ந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பூந்தமல்லி வருவதற்குள் பதினொரு தடவை. ஊருக்குள் நுழைந்த பிறகு, நெரிசலில், ஒரு தடவைகூட இல்லை.

குழாயில் டீசல் நம்பருக்குக் கீழே போயிருந்தது. தொழிற்சாலையில் இறங்கியதும் அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில், இவருக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மேலாளர் ஓடி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். டிரைவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"யாரண்ணே அது?"

"ஆளுங்க கிராஸ் பண்ணாங்கம்மா."

"ரோடு காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமா" என்றார். "இன்னும் வரல."

அந்த ஓட்டத்தை மேலாளர் ரத்து செய்தார். 'ஓட்டுநருக்கு உடல்நலக் குறைவு' என்று என்னை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொன்று என்று எழுதியிருந்த பழைய தாளைக் கிழிக்கச் சொன்னார். அதை நான் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது. அதிகாரி இரண்டு நாள் தங்கச் சம்மதித்தார். டிரைவர் இனி அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். வேறு இரண்டு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். நம்பர் பக்கத்தில்கூட வரவில்லை.

"உனக்கு லைசென்ஸ் இருக்கில்ல?" என்றார் மேலாளர் என்னிடம். "ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கே. நீ ஓட்டு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அந்தப் பிரிவில் என்னை நம்பி யாரும் அதுவரை ஒரு வண்டியைக் கொடுத்ததில்லை. ஏறி உட்கார்ந்து வலது காலின் செருப்பைக் கழற்றினேன். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டார். மதுரவாயலில் ஒரு சைக்கிள் திரும்புவதற்கு முன்னாலேயே என் கால் எழுந்தது. பூந்தமல்லிப் பக்கத்து எருமைகளுக்கு முன்னாலும் அப்படித்தான். நான் யோசித்துச் செய்யவில்லை. அவர் கால் என் காலுக்குள் இருந்தது போல் இருந்தது.

திருமழிசை தாண்டித் திரும்பி வரும்போது, அவர் முதலில் நிறுத்திய இடத்தில், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

நான் அதை இழுத்துக்கொண்டேன். அவர் செய்ததைப் பார்த்த பழக்கம், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். மற்றப் பத்து இடங்களும் எங்கே என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டேன். தெரிந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் முழங்கால் கூசியது. ஒவ்வொரு இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். கவுண்ட்டரில் பூஜ்யம். டில்லி நம்பர் வந்துவிட்டது.

அதிகாரி இறங்கும்போது ஒன்று சொன்னார். நன்றாக ஓட்டுகிறீர்கள், ஆனால் விதிப்படி நான் அளக்க வேண்டியது வண்டியை, ஓட்டுகிறவரை இல்லை. இன்று எதை அளந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தார். வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது காவல் உடுப்பில் நின்றிருந்தவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு காலிலும் ஷூ.

வண்டி நன்றாக விற்றது. பாடியிலும் பூந்தமல்லியிலும் எங்கே திரும்பினாலும் எங்கள் பிக்கப்தான். காய்கறி, செங்கல், கல்யாணச் சாமான், சாமான் மேல் ஆட்கள். நீங்கள் சொன்ன மைலேஜ் வரவில்லையே என்று வாங்கியவர்கள் வந்து கத்துவார்கள். ஓட்டுகிற விதத்தில் இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். அது பொய்யில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். திருவள்ளூர் பக்கம் கடலை பிடுங்கப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு போன எங்கள் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகு ஒடிந்தது. பார்த்து எழுதிவர என்னை அனுப்பினார்கள். போலீஸ் ஸ்டேஷன் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டி கிடந்தது. பக்கத் தடுப்பில் யாரோ மாட்டியிருந்த தூக்குவாளி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். எடுத்துவிட்ட அந்தச் சட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உத்திரம் இரண்டும் விண்டு போயிருந்தன. 'அதிகச் சுமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் பொய்யில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு காலி நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் முக்காலியில் இரண்டு டம்ளர் தண்ணீர். நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை.

"டில்லி நம்பருக்கு அந்த வண்டிய நான்தான் ஓட்டினேன், அண்ணே."

"தெரியும்."

"முதல் எடத்துல என் கால் பிரேக்குக்குப் போச்சு. நான் இழுத்துக்கிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உனுக்குத் தெரியாமத்தான் தாண்டிப் போயிருப்பன்னு நெனச்சிகினு இருந்தேன்மா" என்றார்.

தெருவில் குழாயடியில் யாரோ குடத்தை இடித்து வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீரை எடுக்கக் கை வரவில்லை.

"நீங்க பதினொரு தடவ நிறுத்தினீங்க. திருவள்ளூர் வண்டி எத்தனாவது?"

"ரெண்டு."

"அப்ப முதலாவது?"

மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். மறுநாள் புகார்க் கோப்பில் தேடினேன். இருந்தது. ஆறு வாரம் முந்தியது. சிமென்ட் மூட்டை, மேலே சித்தாள் பெண்கள், 'அதிகச் சுமை'.

"உங்களால நிறுத்த முடியாதா?" என்று அன்று அந்த வாசலிலேயே அவரைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போகவில்லை. முதல்முறையாக ஒருவர் அழுவதை உட்கார்ந்து பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எனுக்குப் பாக்கத்தாம்மா தெரியும். பாத்துட்டு ஒதுங்கிக்குவேன். எம் பொண்ணு விசயத்துலயும் அதான் பண்ணேன். அன்னிக்கு ரோட்டுல, வரது வரட்டும்னு நிறுத்திப் பாத்தேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "வண்டிதான் நின்னுச்சு."

நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அவர்கள் வேலைக்குப் போகிற பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நாலு மாதம் போனது. பிறகு ஒரு நாள் கைப்பையிலிருந்த அந்தத் தாளை எடுத்து, கூட மூன்று பக்கம் எழுதி, அந்த அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினேன். நீங்கள் அன்று அளந்தது வண்டியை அல்ல, ஒரு காலை. அந்தக் கால் இல்லாத வண்டிகள்தான் சாலையில் ஓடுகின்றன. எடுத்த சட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் ஒரு காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்தார். ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதினேன். அடுத்த மாதம் அம்பத்தூரிலும் பாடியிலும் மற்ற ஊர்களிலும் 'இலவசச் சர்வீஸ் முகாம்' என்று கம்பெனி தட்டி கட்டியது. எண்ணெய் மாற்றுகிறோம் என்று வண்டிகளை வரவழைத்து, அடியில் ஒரு சட்டத்தை வைத்து வெல்டிங் அடித்து அனுப்பினார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. வண்டி கனத்துவிட்டது. வரிச் சலுகை கைவிட்டுப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதைச் சொல்வதற்காகக் கள்ளிக்குப்பம் போனேன். வீடு பூட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டில்.

தொண்ணூறுகளின் நடுவில், என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு கை என் தோளைத் தொட்டது. அவர் மனைவி. முடி முழுக்க வெளுத்திருந்தது. அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அவரு கண்ண மூடி ரெண்டு வருசம் ஆவுது பாப்பா. அரக்கோணத்துலதான். பொண்ணு ஊட்டுல."

"பொண்ணோட சேர்ந்துட்டீங்களா?"

"அவராத்தான் போனாரு. நீ வந்துட்டுப் போன மறுவாரம். அவ ஊட்டு வாசல்ல போயி நின்னுகினு, நா அவளப் பாக்காம போவ மாட்டேன்னாரு. அவ கதவத் தொறக்கல. ராத்திரி ஆயி, மறுநாளும் ஆச்சு. அங்கயே நின்னாரு. எங்கியும் போவல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பால அவளோட தெனமும் சண்டதான். என்னோடயும். இன்னா கத்து கத்துவாரு தெரியுமா!"

அரக்கோணம் வண்டி வருவதாக மணி அடித்தார்கள். அவள் கூடையைத் தூக்கப் போனவள் நின்றாள்.

"உன்ன எங்கனா பாத்தா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மூணோட நின்னுடுச்சாம்."

நான் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மூணுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியும்னாரு."

ரெண்டு என்று அவர் சொன்னதற்கும் நான் தபால் போட்டதற்கும் நடுவில் அந்த நாலு மாதம். பதினொன்றில் மூன்றாவது வண்டி அதற்குள்தான் ஒடிந்திருக்கிறது. எந்த ஊர், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

வண்டி வந்தது. அவளை ஏற்றி, கூடையை உள்ளே எடுத்து வைத்தேன். நகரும்போது ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கேட்டாள்.

"நல்ல சேதிதானே பாப்பா?"

தலையை ஆட்டினேன்.